அலங்காரக் கேல் விதை: ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் எந்தப் பாக்கெட் தேறும்?

பாக்கெட்டின் மேல் நீல நிறக் கேல் படம் போட்டிருந்தால் அதைக் கடையிலேயே தொங்க விட்டுவிட்டு வாருங்கள். கோஸ் குடும்பத்தில் அழகுக்காகவே வளர்க்கும் இலைச்செடிதான் அலங்காரக் கேல், நீலத்தில் அது கிடையாது. வானவில் நிறத்திலும் கிடையாது. வெள்ளை, இளமஞ்சள் தோய்ந்த வெள்ளை, இளஞ்சிவப்பு, ரோஸ், பீட்ரூட்டை நறுக்கினால் தெரிகிற ஊதாச் சிவப்பு, இவ்வளவுதான் இந்தச் செடியின் கைவசம் இருக்கும் நிறங்கள். வெளி இலைகளின் மேல் சாம்பல் நீலமாக ஒரு பூச்சு இருக்கும். அது மெழுகு, விரலால் தேய்த்தால் போய்விடும். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்காட்டித்தான் சிலர் நீலக் கேல் விற்கிறார்கள்.

அசல் பாக்கெட்டிலும் படம் சொல்லாத ஒரு விஷயம் உண்டு. இந்த நிறத்தில் விதையின் பங்கு பாதி, இரவுக் குளிரின் பங்கு மீதிப் பாதி. அதனால் எந்த ரகம் நல்லது என்ற கேள்விக்கு உங்கள் தோட்டம் இருக்கும் உயரத்தையும் விதைக்கப்போகும் தேதியையும் தெரிந்துகொண்டுதான் பதில் சொல்ல முடியும். இந்த விமர்சனம் அப்படித்தான் போகிறது.

செடி நமக்கு அந்நியமில்லை. முட்டைகோஸ், காலிஃபிளவர், நூக்கோல் எல்லாம் எந்த இனமோ அதே பிராசிக்கா ஒலரேசியாதான். ஜப்பானியர்கள் இதை ஹபோட்டான் என்பார்கள், இலைப் பியோனி என்று அர்த்தம். தலைமுறை தலைமுறையாக அழகுக்காகவே தேர்ந்தெடுத்து வளர்த்தவர்கள் அவர்கள். நகோயா, ஒசாகா என்று ரகங்களுக்கு ஊர்ப் பெயர் இருப்பதும் அதனால்தான். வியாபாரத்தில் இலை ஓரம் சுருள்சுருளாக இருந்தால் கேல் என்றும், வழவழப்பாக இருந்தால் ஆர்னமென்டல் கேபேஜ் என்றும் பிரிக்கிறார்கள். வளர்ப்பு முறை இரண்டுக்கும் ஒன்றே. கோஸ் நாற்று நட்டுப் பழகிய கைக்குப் பாதி வேலை ஏற்கெனவே தெரிந்ததுதான். தெரியாத மீதிப் பாதியில்தான் பலருடைய பாத்தி ஜனவரியிலும் பச்சையாகவே நிற்கிறது.

நிறம் எப்படி வருகிறது

இரவு வெப்பம் 13 டிகிரிக்குக் கீழே இறங்கி, அப்படியே இரண்டு மூன்று வாரம் நீடித்தால் நடுவில் புதிதாக விரியும் இலைகளில் பச்சையம் சரியாக உருவாகாது. வெள்ளை ரகத்தில் அந்த இடம் வெளுக்கும். சிவப்பு ரகத்தில் அந்த வெளுப்பின் மேல் ஆந்தோசயனின் என்ற ஊதாச் சிவப்பு நிறமி ஏறும். 10 டிகிரிக்குக் கீழே போகப்போக நிறம் இன்னும் அழுத்தமாகும். கவனிக்க வேண்டியது, நிறம் ஏறுவது புது இலையில் மட்டும். ஏற்கெனவே விரிந்த வெளி இலைகள் கடைசி வரை பச்சையாகவே இருந்து நடுவிலிருக்கும் நிறத்துக்குச் சட்டம் போட்டதுபோல நிற்கும். அந்தச் சட்டத்தை அக்டோபரில் புழு தின்றுவிட்டால் டிசம்பரில் எவ்வளவு நல்ல நிறம் வந்தாலும் செடி மொட்டையாகத்தான் தெரியும்.

ஊட்டியில் டிசம்பர், ஜனவரி இரவுகளின் சராசரி 5, 6 டிகிரி. கொடைக்கானலில் 8 டிகிரியை ஒட்டி. கேத்திப் பள்ளத்தாக்கு, தலைகுந்தா, காந்தல் மாதிரி குளிர் காற்று வழிந்து தேங்கும் பள்ளங்களில் இன்னும் கீழே இறங்கி உறைபனி விழும். உறைபனிக்கு இந்தச் செடி பயப்படாது. காலையில் இலை கண்ணாடிபோல் விறைத்திருக்கும்போது தொடாமல் விட்டால் வெயில் ஏறியதும் தானே தெளிந்துவிடும். தொட்டால் தொட்ட இடம் கறுக்கும்.

குன்னூர், கோத்தகிரியில் நிறம் வரும், ஆனால் தாமதமாக வரும். கூடலூர் 1,000 மீட்டர் சொச்சம் உயரம்தான். பழனி மலையில் காப்பியும் மலைவாழையும் விளைகிற தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கமும் இரவு அவ்வளவு இறங்காது. அங்கெல்லாம் சிவப்பு ரகம் ஒரு மங்கல் ஊதாவோடு நின்றுவிடும், வெள்ளை ரகம் வெளிர்பச்சையாகவே இருக்கும். அந்த உயரத்தில் இருப்பவர்கள் விதைக்குக் காசு போடுவதற்கு முன்னால் ஒரு மேக்சிமம் மினிமம் தெர்மாமீட்டர் வாங்கித் தோட்டத்தில் ஒரு குளிர்காலம் தொங்கவிட்டுப் பார்ப்பது நல்லது. விதையைவிட அதுதான் உருப்படியான முதலீடு.

பாக்கெட்டுகள்

கிடைப்பவை மூன்று மாதிரி. ரகத்தின் பெயர், லாட் எண், முளைப்புத்திறன் சோதித்த தேதி எல்லாம் அச்சிட்ட எஃப்1, அதாவது முதல் தலைமுறைக் கலப்பின விதை ஒன்று. 'ஆர்னமென்டல் கேல் மிக்ஸ்' என்பதைத் தவிர வேறெதுவும் எழுதாத பாக்கெட் இன்னொன்று. பெரிய டப்பாவிலிருந்து பிரித்து ஜிப் கவரில் போட்டு ஸ்டேப்ளர் அடித்தது மூன்றாவது. மூன்றாவதில் விதை எந்த வருஷத்தது என்று விற்கிறவருக்கே தெரியாது. ஊட்டியின் ஜூலை மாத ஈரத்தில் திறந்து திறந்து மூடிய டப்பாவில் கோஸ் குடும்ப விதை ஒரே பருவத்தில் வலுவிழந்துவிடும்.

விலையைப் பாக்கெட்டுக்குப் பார்க்காதீர்கள், நிற்கப்போகும் செடிக்குப் பாருங்கள். உதாரணத்துக்கு 50 விதை 200 ரூபாய் என்று வாங்கி 45 முளைத்து அத்தனையும் ஒரே உயரத்தில் நின்றால், செடி ஒன்றுக்கு நாலரை ரூபாய் ஆகவில்லை. 50 விதை 60 ரூபாய் என்று வாங்கி 25 முளைத்து, அதிலும் பாதி சாதாரணக் கீரைக் கேலாக நீண்டுவிட்டால் ஒரு செடி 5 ரூபாய்க்கு வந்து நிற்கிறது. அதோடு பாத்தியின் நடுவில் ஒட்டகம்போல் தலை நீட்டும் நாலு செடியைப் பிடுங்கிய ஓட்டையும் மிச்சம்.

முளைப்பைச் சந்தேகித்தால் விதைக்கும் முன் 20 விதையை ஈரத் துணியில் பரப்பி, மூடிய டப்பாவில் போட்டு வீட்டுக்குள் வையுங்கள். ஏழாம் நாள் 16க்கு மேல் முளைவிட்டிருந்தால் நல்ல விதை. 14க்குக் கீழே என்றால் பாக்கெட்டைக் கடைக்கே திருப்பிக் கொண்டுபோகலாம்.

இனி ரகங்கள்.

நகோயா. ஓரம் முழுக்க நெருக்கமான சுருள், 25 முதல் 30 செ.மீ. உயரம், வட்டமான அடர்ந்த உருவம். வெள்ளை, ரோஸ், சிவப்பு மூன்றும் உண்டு. படத்தில் பார்த்து மயங்குவது பெரும்பாலும் இதைத்தான், மயங்குவதில் தப்பும் இல்லை. ஊட்டி நகரம், கேத்தி, லவ்டேல், கொடையில் மன்னவனூர், கவுஞ்சி, பூம்பாறை என்று குளிர் நன்றாக இறங்கும் இடங்களில் பாத்தி நிரப்ப இதற்கு மேல் ஒன்று வேண்டாம். குறை சுருளில்தான் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை நேராக அடிக்கும் குன்னூர், கோத்தகிரியில் அக்டோபர் நவம்பர் மழைநீர் அந்தச் சுருளுக்குள் தேங்கும். ஓடில்லாத நத்தைக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. ஊட்டிக்கு ஐந்துக்கு நாலரை, குன்னூருக்கு மூன்று.

ஒசாகா. இலை அலை அலையாக மடிந்திருக்கும், சுருள் இல்லை. தலை பெரிசு, வளர்ச்சி வேகம். முக்கியமாக, நிறம் சீக்கிரம் பிடிக்கும். குளிர் தாமதமாக வரும் குன்னூர், கோத்தகிரி, கொடையில் பெருமாள்மலைப் பக்கம் இருப்பவர்கள் யோசிக்காமல் வாங்க வேண்டிய பாக்கெட் இதுதான். செடிக்குச் செடி 40 செ.மீ. விடாவிட்டால் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொண்டு கீழ் இலைகள் மஞ்சளாகும். நான்கு.

பிஜியன். வட்டமான வழவழப்பான இலை, குட்டையான கட்டுக்கோப்பான உருவம். பாத்தியின் ஓரவரிசைக்கும் ஆறு இஞ்ச் தொட்டிக்கும் அளவெடுத்துத் தைத்தது மாதிரி. மழைத்தண்ணீர் இலையில் நிற்காமல் உருண்டு ஓடிவிடும். ஆனால் வழவழப்பான இலையில் புழு போட்ட ஒரு ஓட்டைகூடத் தூரத்திலிருந்தே தெரியும். நகோயாவில் பத்து ஓட்டை இருந்தாலும் சுருள் மறைத்துவிடும். புழுவுக்குத் தினமும் இலையைப் புரட்டிப் பார்க்க நேரம் உள்ளவர்களுக்கு நான்கு, இல்லாதவர்களுக்கு இரண்டரை.

பீகாக். இலை இறகுபோல் நரம்பு வரை வெட்டுப்பட்டிருக்கும். ஒற்றைச் செடியாக எட்டு இஞ்ச் தொட்டியில் வைத்தால் அழகு. கூட்டமாகப் பாத்தியில் நட்டால் இடைவெளியில் மண் தெரிந்து கலைந்த தலைமாதிரி இருக்கும். இரண்டு செடிக்காக ஒரு பாக்கெட் வாங்குவது வீண், பக்கத்து வீட்டோடு பங்கு போட்டுக்கொள்ளுங்கள்.

கிரேன். இது தோட்டத்துக்கு அல்ல, பூச்சாடிக்கு. 60 முதல் 90 செ.மீ. நீளத் தண்டின் முனையில் ரோஜா அளவுக்கு ஒரு நிறக் கொத்து. நெருக்கமாக, 10 முதல் 15 செ.மீ. இடைவெளியில் நட்டு, சாயாமல் கார்னேஷனுக்குக் கட்டுவதுபோல வலை கட்டி, கீழ் இலைகளை அவ்வப்போது கிள்ளிக்கொண்டே வந்தால்தான் அந்த உருவம் வரும். நெருக்கம்தான் தலையைச் சிறிசாக்குகிறது. தாராளமாக இடம் விட்டு நட்டவர்கள் குச்சியில் குத்திவைத்த கோஸ் மாதிரி ஒன்றைப் பெறுவார்கள். அதற்குப் பாக்கெட்டைக் குறை சொல்ல முடியாது.

மிக்ஸ் பாக்கெட் வாங்கியே ஆகவேண்டும் என்றால் அதிலும் ஒரு வழி உண்டு. முளைத்த பத்தாம் நாள் நாற்றை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, இதய வடிவ வித்திலைகளுக்குக் கீழே உள்ள தண்டைப் பாருங்கள். சிவப்பு, ரோஸ் வகைகளின் தண்டில் மண்ணுக்கு மேலிருந்தே ஊதாச் சாயம் ஓடும், இலைக்காம்பிலும் அந்தச் சாயம் தெரியும். வெள்ளை வகையின் தண்டு வெளிர்பச்சையாக இருக்கும். இரண்டையும் தனித்தனித் தட்டில் பிரித்து வைத்துக்கொண்டால் மிக்ஸ் விதையிலும் வெள்ளை வரிசை, சிவப்பு வரிசை என்று ஒழுங்காக நட முடியும்.

களிமண் பூசி உருண்டையாக்கிய பெல்லட் விதையும் சில இடங்களில் கிடைக்கிறது. பெட்டூனியா மாதிரி தூசி விதைக்கு அது தேவை. கேல் விதை கடுகுக்கு அண்ணன், கையால் ஒவ்வொன்றாக எடுத்துப் போடலாம். இதற்குப் பெல்லட் காசு தண்டம். பச்சை, இளஞ்சிவப்பு என்று சாயம் பூசிய விதை வந்தால் அது பூஞ்சாணக்கொல்லி மருந்து, கையுறை போட்டுக்கொள்ளுங்கள். சாயமில்லாத, மருந்து பூசாத விதையானால் விதைக்கும் முன் 50 டிகிரி வெந்நீரில் சரியாக 20 நிமிடம் முக்கி எடுத்துக் குளிர்ந்த தண்ணீரில் ஆறவிடுங்கள். கருப்பழுகல் பாக்டீரியா விதை வழியாகவே வரும், அதற்குத்தான் இது. 50 என்பதைத் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். 55 ஆனால் நோயோடு சேர்த்து விதையும் போய்விடும்.

தேதி

விதைப்பிலிருந்து நடவுக்கு நான்கு ஐந்து வாரம். நடவிலிருந்து முழு உருவம் வர ஆறு முதல் எட்டு வாரம். அதற்கு மேல் நிறம் பிடிக்க இரண்டு மூன்று வாரம். ஆக மொத்தம் 12 முதல் 16 வாரம். ஊட்டியில் குளிர் முந்திக்கொண்டு வருவதால் அதற்கும் முன்பே தொடங்குவது நல்லது. கிறிஸ்துமஸுக்கு ஊட்டியில் பாத்தி நிறைய நிறம் வேண்டுமானால் ஆகஸ்ட் முதல் இரண்டு வாரத்துக்குள் விதை தட்டில் விழுந்திருக்க வேண்டும். கொடைக்கும் ஏறக்குறைய அதே கணக்கு. குன்னூர், கோத்தகிரியில் குளிர் பின்தங்குவதால் ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் முதல் வாரம் வரை தள்ளலாம், நிறம் ஜனவரியில் வரும்.

சமவெளிக்காரர்களுக்கும் நமக்கும் வித்தியாசம் இங்கேதான். கீழே குளிர் போதாமல் நிறம் வராது. ஊட்டியில் குளிர் முந்திக்கொண்டு வந்து செடி சின்னதாக இருக்கும்போதே நிறம் பிடித்துவிடும். நிறம் பிடித்தபின் செடி பெரிதாக வளராது. அக்டோபர் கடைசியில் விதைத்தவர்களுக்கு ஜனவரியில் கிடைப்பது எலுமிச்சம்பழ அளவில் அழகான பொத்தான்கள். குளிர் முடிந்து பிப்ரவரி மார்ச்சில் வெயில் சுட ஆரம்பித்ததும் அவை அப்படியே தண்டு விட்டு மஞ்சள் பூவாகிவிடும். மே மாதச் சீசனுக்கும் இந்தச் செடியை நம்ப வேண்டாம். அந்தக் கூட்டத்துக்குப் பெட்டூனியா, சால்வியா இருக்கின்றன.

நாற்று

98 குழி புரோட்ரே (குழிகள் உள்ள நாற்றுத் தட்டு) ஒன்றுக்கு நனைத்துப் பிழிந்த கோகோபீட் (தென்னை நார்த்தூள்) ஒண்ணேகால் கிலோ அளவில் பிடிக்கும். கட்டியாக வரும் கோகோபீட்டை இரண்டு தண்ணீரில் அலசி உப்பை இறக்கிவிட்டு, நாலுக்கு ஒரு பங்கு மண்புழு உரம் கலந்துகொள்ளுங்கள். தோட்டத்து மண்ணைக் கலக்கவே கூடாது, காரணம் கீழே கிளப் ரூட் என்ற வேர் நோயைப் பற்றிய பகுதியில் வருகிறது. ஒரு கிராமில் 300 விதை இருக்கும், மூன்று தட்டுக்கு அது போதும். குழிக்கு ஒரு விதை, அரை செ.மீ. ஆழம், மேலே சிட்டிகை கோகோபீட். அதற்கு மேல் மூடினால் முளை வெளிச்சத்தைத் தேடி நூலாக நீளும்.

18 முதல் 21 டிகிரி இருந்தால் ஐந்து நாளில் முளை தெரியும். ஆகஸ்ட் மூடுபனியில் வெளியே அந்த வெப்பம் கிடைக்காது, அதனால் தட்டுகளை அடுக்கிப் பாலித்தீன் போர்த்தி வீட்டுக்குள் வையுங்கள். மூன்றாம் நாளிலிருந்து காலையும் மாலையும் பாருங்கள். முதல் வளைந்த முளை தலைகாட்டிய அன்றே போர்வையை எடுத்து வெளிச்சத்துக்கு மாற்ற வேண்டும். ஒரு நாள் தாமதம் போதும், தண்டு இரண்டு மடங்கு நீண்டுவிடும். அப்படி நீண்டுபோன நாற்றைத் தூக்கிப்போட வேண்டாம். நடும்போது முதல் நிஜ இலைகளின் காம்பு வரை மண்ணில் புதைத்து நட்டால் கோஸ் குடும்பம் அதைத் தாங்கிக்கொள்ளும்.

ஆகஸ்டில் நாற்றைக் கொல்வது பெரும்பாலும் நாற்றழுகல்தான். மண் மட்டத்தில் தண்டு நூல்போல் சுருங்கி, மேலே இலை பச்சையாக இருக்கும்போதே நாற்று சாயும். தட்டு எப்போதும் ஈரமாக இருப்பதும் காற்று ஓடாததுமே காரணம். தண்ணீர் காலையில் மட்டும், அதுவும் மேல்பரப்பு வெளுத்தபின் மட்டும். விதையோடு டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சாணத்தைக் கிலோவுக்கு 4 கிராம் கணக்கில் கலக்கச் சொல்வார்கள். நம் பாக்கெட் அளவுக்கு ஒரு சிட்டிகை போட்டுக் குலுக்கினால் போதும். மருந்து பூசிய விதையில் போட்டால் அந்த மருந்தே டிரைக்கோடெர்மாவைக் கொன்றுவிடும், பலரும் இதை மறந்துவிடுகிறார்கள். அழுகல் தொடங்கிவிட்டால் காப்பர் ஆக்ஸிகுளோரைடு லிட்டருக்கு இரண்டரை கிராம் கரைத்து வேரில் ஊற்றுங்கள்.

இரண்டாவது நிஜ இலை விரிந்ததும் தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள 19:19:19 கரையும் உரம் லிட்டருக்கு ஒரு கிராம், வாரம் ஒருமுறை. ஐந்து வாரத்துக்கு மேல் தட்டிலேயே விட்டுவைக்காதீர்கள். வேர் குழிக்குள் சுற்றிச் சுற்றி இறுகிய நாற்று, பிறகு எவ்வளவு ஊட்டினாலும் முழு அளவுக்கு வராது, கீழ் இலைகளையும் உதிர்க்கும். நர்சரியில் நாற்றாக வாங்குகிறவர்கள் முதலில் ஒரு நாற்றைக் குழியிலிருந்து உருவிப் பார்த்து வாங்குங்கள். வேர் வெள்ளையாகக் கோகோபீட்டைப் பிடித்துக்கொண்டு வந்தால் சரி. பழுப்பாகக் கயிறு திரித்ததுபோல் வந்தால் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

பாத்தி

சதுர மீட்டருக்கு மக்கிய தொழு உரம் நாலைந்து கிலோ. நம் மலைமண் புளித்த மண், அதாவது அமிலத்தன்மை உள்ளது. டீ எஸ்டேட்களில் அந்தப் புளிப்பைக் குறைக்கும் டோலமைட் கல்தூள் மூட்டை மூட்டையாக இறங்குவது சும்மா இல்லை. மண் பரிசோதனை செய்துவிட்டுப் போடுவது உத்தமம். பொதுவாகச் சதுர மீட்டருக்கு 200 முதல் 300 கிராம் டோலமைட்டை நடவுக்கு மூன்று நான்கு வாரம் முன்பே கொத்திக் கலந்துவிட வேண்டும். நட்ட அன்று தூவுவதில் பயனில்லை.

ஐந்தாறு மணி நேர வெயில் கட்டாயம். சில்வர் ஓக், சைப்ரஸ் நிழலில் நட்ட செடி வெயிலைத் தேடி நீண்டு பச்சையாகவே நிற்கும். பாலிஹவுஸில் வைத்தால் இரவுக் குளிர் உள்ளே வராது, நிறமும் வராது. நாற்று வரைதான் கூரை, அதன் பிறகு வெட்டவெளி.

நட்ட பத்தாம் நாளிலிருந்து அதே 19:19:19 லிட்டருக்கு 2 கிராம், பத்து நாளுக்கு ஒருமுறை. நடு இலையில் முதல் நிறம் தெரிந்த அன்றே உரத்தை நிறுத்திவிடுங்கள். இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். செடி கொஞ்சம் வெளுக்கிறதே என்று பயந்து ஒரு கை யூரியா போடுவார்கள். தழைச்சத்து கிடைத்தால் பச்சையம் திரும்ப ஏறும், வெள்ளை வெளிர்பச்சையாகும், ரோஸ் அழுக்கு ஊதாவாகும். அந்தப் பருவத்துக்கு அதைச் சரிசெய்ய வழியில்லை. வெளுப்பதற்காகத்தானே வாங்கினோம்!

கிளப் ரூட், புழு, மற்றவர்கள்

கோஸ், காலிஃபிளவர் போட்ட மண்ணில் இதை நடலாமா என்று கேட்டால், வேண்டாம். செடி நடுப்பகலில் வாடி இரவில் தெளிந்து, மறுநாள் திரும்ப வாடினால் தண்ணீர் ஊற்றாதீர்கள், ஒரு செடியைப் பிடுங்கிப் பாருங்கள். வேர் இஞ்சிக் கிழங்குபோல் வீங்கித் திரண்டிருந்தால் அது கிளப் ரூட். நீலகிரி கோஸ் விவசாயிகளுக்குப் பழைய எதிரி. அதன் வித்துகள் மண்ணில் பத்து வருஷத்துக்கு மேலும் உயிரோடு கிடக்கும். புளித்த மண்ணும் தேங்கும் ஈரமும் அதற்குக் கொண்டாட்டம். மண்ணின் பி.ஹெச். 7.2க்கு மேல் போனால்தான் அடங்கும். மருந்து தேடி அலைவதைவிட, வந்த செடிகளைச் சுற்றியுள்ள மண்ணோடு தோண்டி எடுத்து எரித்துவிட்டு, அந்த இடத்தில் சில வருஷம் கோஸ் குடும்பத்தையே வைக்காமல் விடுவது மேல். உரக்குழியில் மட்டும் போடாதீர்கள். வேறு பாத்தி இல்லாதவர்களுக்குப் புது மண் போட்ட தொட்டிதான் வழி.

இலையின் ஓரத்திலிருந்து நடுநரம்பை நோக்கி ஆங்கில 'வி' எழுத்து மாதிரி மஞ்சள் ஆப்பு இறங்கி, அதற்குள் நரம்புகள் கறுத்திருந்தால் கருப்பழுகல். அந்த இலையை மட்டும் கிள்ளினால் தப்பிக்காது, செடியையே எடுத்துவிடுங்கள். மழையில் தெறிக்கும் ஒவ்வொரு சொட்டும் அதைப் பக்கத்துச் செடிக்குக் கொண்டுபோகும்.

வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு விரல்நக அகலம்கூட இருக்காது. தொட்டால் துள்ளிக்கொண்டு நூலில் தொங்கும். இலையின் அடித்தோலைச் சுரண்டித் தின்று மேல்தோலைச் ஜன்னல் கண்ணாடிபோல் விட்டுவைக்கும். அந்த ஜன்னல் தெரியும் கட்டத்திலேயே பேசிலஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியா மருந்தை லிட்டருக்கு 2 கிராம், மாலையில், இலையின் அடிப்புறம் நனையும்படி அடியுங்கள். வேப்பெண்ணெய் வேலை செய்யாது என்பதல்ல, எண்ணெயும் சோப்பும் இலையின் சாம்பல் மெழுகைக் கரைத்துத் திட்டுத்திட்டாகப் பச்சை தெரியவைக்கும். சாப்பிடுகிற கோஸுக்குப் பரவாயில்லை, பார்ப்பதற்காகவே வைத்த செடிக்கு அது தழும்பு. அசுவினிக்கும் முதலில் வெறும் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிப் பாருங்கள்.

நத்தைக்கு ஈரச் சாக்கை மாலையில் பாத்தி ஓரம் விரித்துவைத்து, காலையில் புரட்டிப் பொறுக்குவது போதும். வீட்டில் நாய் இருந்தால் கடையில் விற்கும் நத்தை விஷ உருண்டை பக்கம் போகவே வேண்டாம்.

காட்டெருமை வரும் குன்னூர், கோத்தகிரி, கொடை வீடுகளில் ஒன்றைத் தெரிந்துகொண்டு நடுங்கள். அதற்கு அலங்காரக் கேல், சாப்பாட்டுக் கேல் என்ற வித்தியாசம் தெரியாது. ஒரு ராத்திரியில் 40 செடி காலியாகும். வேலி இல்லாத வீட்டுக்கு மாடிப்படியில் தொட்டிதான் சரி, அங்கே குரங்கோடு மட்டும் மல்லுக்கட்டினால் போதும். மனிதர் சாப்பிடலாமா என்றால் விஷமில்லை, கசக்கும், இலையும் முரடு. மருந்தடித்த செடியிலிருந்து தட்டை அலங்கரிக்கக்கூட ஒரு இலை கிள்ளாதீர்கள்.

மிச்சம்

மிச்ச விதையைப் பாக்கெட்டோடு மடித்து, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்ட இறுக்கமான பாட்டிலில் ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நான்கு வருஷம் தாங்கும். சமையலறை அலமாரியில் வைத்தால் அடுத்த ஆகஸ்டில் அந்த 20 விதைச் சோதனையை மறுபடி செய்யாமல் விதைக்காதீர்கள்.

மார்ச்சில் வரும் மஞ்சள் பூவிலிருந்து விதை எடுத்தால் அடுத்த வருஷம் பாக்கெட் வாங்க வேண்டாமே என்ற ஆசை எல்லோருக்கும் வரும். எஃப்1 விதையின் பிள்ளைகள் தாயைப்போல் வராது. இந்தச் செடிக்குத் தன் மகரந்தமும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளாது, அயல் மகரந்தம் வேண்டும். பக்கத்துத் தோட்டத்தில் நூக்கோலோ காலிஃபிளவரோ பூத்திருந்தால் தேனீ அதைத்தான் கொண்டுவந்து சேர்க்கும். அந்த விதையில் முளைப்பதற்கு எந்தப் பாக்கெட்டிலும் படம் கிடையாது. நடுத்தண்டு கோபுரம்போல் எழும்ப ஆரம்பித்ததும் செடியைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் பீன்ஸ் போடுங்கள்.

கிரேன் நட்டவர்கள் மட்டும் அதற்கு முன்பே வெட்டிவிட வேண்டும். தண்டைச் சாய்வாக வெட்டி, தண்ணீரில் மூழ்கும் இலை ஒன்றுகூட இல்லாமல் உருவிவிட்டுச் சாடியில் வைத்தால் இரண்டு வாரம் நிற்கும். தண்ணீரை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். மறந்துவிட்டால் மூன்றாம் நாள் வீடு முழுக்கக் கோஸ் வேகவைத்த வாடை அடிக்கும், விருந்தாளி நேராகச் சமையலறையை எட்டிப் பார்ப்பார்.